இருவருமே கோடீஸ்வரர்கள் என்றால் கதைக்கு என்ன மிச்சம்?

கெவின் குவானின் ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ நாவலை இரண்டே நாளில் முடித்ததாகவும், அதே ஆவலோடு அவருடைய ‘செக்ஸ் அண்ட் வேனிட்டி’யை எடுத்துப் பாதிக்கு மேல் நகர முடியாமல் மூடிவைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். அதே எழுத்தாளர், அதே மாதிரி பெரும் பணக்காரக் குடும்பங்கள், அதே மாதிரி ஒரு பிரம்மாண்டக் கல்யாணம். ஒன்று ஓடியது, இன்னொன்று ஏன் படுத்துவிட்டது, குறை நாவலிலா அல்லது வாசித்த என்னிடமா என்று கேட்டிருந்தீர்கள்.

குறை நாவலில்தான். நான் அதை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை அது வெளிவந்த 2020-ல், ஊரடங்கு நாட்களில். அப்போது எனக்கும் உங்களைப் போல ஒரு ஏமாற்றம் மட்டும்தான் இருந்தது, காரணம் பிடிபடவில்லை. இரண்டாவது முறை, அது எந்த நாவலைத் தழுவி எழுதப்பட்டதோ அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அத்தியாயம் அத்தியாயமாக வாசித்தேன். எந்த இடத்தில் கதை உடைந்தது என்று அப்போது தெரிந்தது. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். இரண்டு நாவல்களின் முடிவுகளும் இதில் வந்துவிடும், அதற்குத் தயாராக இருங்கள்.

முதலில் கதை. லூசி டாங் சர்ச்சில் ஓர் இளம்பெண். அப்பா நியூயார்க்கின் பழைய வெள்ளையர் வம்சம். அம்மா அமெரிக்காவில் பிறந்த சீன வம்சாவளிப் பெண். தோழி இசபெல் ஓர் இத்தாலியப் பிரபுவைக் கட்டிக்கொள்கிறாள். அந்தக் கல்யாணம் இத்தாலியின் காப்ரித் தீவில் நடக்கிறது. துணைக்கு வருபவள் சார்லட் என்ற உறவுக்காரப் பெண்மணி, கறாரானவள். ஓட்டலில் அவர்களுக்குக் கிடைத்த அறையிலிருந்து கடல் தெரியவில்லை. அங்கே தங்கியிருக்கும் ஜார்ஜ் ஜாவ் என்ற சீன இளைஞன் தரப்பிலிருந்து அறையை மாற்றிக்கொள்ளலாம் என்று யோசனை வருகிறது. லூசிக்கு அவனைக் கண்டாலே எரிச்சல். அப்புறம் ஓர் இரவு, ரோமானியர் கால மாளிகையின் இடிபாடுகளுக்கிடையே அவன் அவளை முத்தமிட, சார்லட் பார்த்துவிடுகிறாள். சில வருடங்கள் கழித்து லூசிக்கு செசில் பைக் என்ற டெக்சாஸ் பணக்காரனோடு நிச்சயமாகிறது. நியூயார்க் பணக்காரர்கள் கோடைக்குப் போகும் ஈஸ்ட் ஹாம்ப்டனில் ஜார்ஜ் மறுபடியும் எதிரே வந்து நிற்கிறான். மனசு தடுமாறுகிறது. கடைசியில் ஜார்ஜ்தான்.

எலும்புக்கூடு நன்றாகத்தான் இருக்கிறது. இருக்காமல் எப்படி? அது ஈ. எம். ஃபார்ஸ்டர் 1908-ல் வெளியிட்ட ‘எ ரூம் வித் எ வியூ’ நாவலின் எலும்புக்கூடு. குவான் இதை மறைக்கவே இல்லை. அந்த நாவலுக்கான வணக்கமாகத்தான் எழுதினேன் என்று வெளிப்படையாகவே சொன்னவர். லூசி, சார்லட், ஜார்ஜ், செசில் எல்லாமே ஃபார்ஸ்டர் வைத்த பெயர்கள். ஊர் மட்டும் அங்கே ஃபிளாரன்ஸ், இங்கே காப்ரி. ஒரு பழைய கதையை இன்னொருவர் எடுத்து இன்னொரு காலத்தில் வைத்துப் பார்ப்பதில் எந்தத் தப்பும் இல்லை. ஆனால் அப்படி எடுக்கும்போது எந்தத் தூணை அசைத்தால் மொத்த வீடும் இறங்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். குவான் அசைத்தது அந்தத் தூணைத்தான்.

அறை மாற்றும் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்ஸ்டரின் நாவலில் அது நடப்பது பெர்டோலினி என்ற சாதாரண விடுதியில். இங்கிலாந்திலிருந்து வந்த நடுத்தர வர்க்கத்தார் தங்கும் இடம். நடத்துபவளும் லண்டன்காரிதான். சாப்பாட்டு மேசையில் லூசி ஹனிசர்ச்சும் சார்லட் பார்ட்லெட்டும் தங்கள் அறையில் ஜன்னல் சரியில்லை என்று அலுத்துக்கொள்கிறார்கள். அறிமுகமே இல்லாத ஒரு கிழவர் குறுக்கே புகுந்து, எங்கள் அறையிலிருந்து ஆறு தெரியும், நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறார். அவர்தான் எமர்சன். கூலித் தொழிலாளியின் மகன். சோஷலிசப் பத்திரிகைகளில் எழுதியவர். மகன் ஜார்ஜுக்கு ரயில்வேயில் வேலை.

சார்லட் வெலவெலத்துப் போகிறாள். வாங்கிக்கொண்டால் அவர்களுக்குக் கடன்பட்டவர்களாகிவிடுவோம். நம் தரத்துக்குக் கீழே இருப்பவர்களிடம் ஒரு கன்னிப் பெண்ணுக்குக் காவலாக வந்தவள் கடன்படலாமா? கடைசியில் பாதிரியார் பீப் நடுவில் நின்று சமாதானம் செய்த பிறகுதான் அறை மாறுகிறது. நாவல் தொடங்கிச் சில பக்கங்கள்கூட ஆகியிருக்காது. அதற்குள் யார் யாரோடு பேசலாம், யாரிடம் எதை வாங்கக் கூடாது, ஓர் இளம்பெண்ணின் பெயர் எவ்வளவு சுலபமாகக் கெட்டுப்போகும் என்று மொத்தச் சமூகத்தின் சட்டமும் ஒரு ஜன்னலுக்குள் வந்து உட்கார்ந்துவிடுகிறது.

இப்போது அதே காட்சியைக் காப்ரிக்குக் கொண்டுபோங்கள். ஓட்டலில் இருக்கும் எல்லோருமே பணக்காரர்கள். லூசியும் பணக்காரி, ஜார்ஜும் பணக்காரன். அறையிலிருந்து கடல் தெரியவில்லையா, பணம் கட்டி இன்னொரு ஓட்டலுக்குப் போய்விடலாம். வாங்கிக்கொண்டாலும் ஒன்றும் குடி முழுகாது. காட்சி அப்படியே இருக்கிறது, ஆனால் அதற்குள் ஆபத்து இல்லை. நீங்கள் சலித்துப்போனது இந்த இடத்தில்தான் தொடங்கியிருக்கும், அப்போது அது உங்களுக்குத் தெரிந்திருக்காவிட்டாலும்.

இந்த நாவலைப் பற்றி நான் சொல்ல வேண்டியது அடிப்படையில் இது ஒன்றுதான். ஃபார்ஸ்டரின் ஜார்ஜ் ஏழை. குவானின் ஜார்ஜ் கோடீஸ்வரன். பார்க்க அழகன், நல்லவன், கட்டடக் கலை பற்றி லூசியைவிட அதிகம் தெரிந்தவன், பணமும் கொட்டிக் கிடக்கிறது. இப்படிப்பட்ட ஒருவனை வேண்டாம் என்று சொல்ல லூசிக்கு என்ன காரணம்? அவனோடு போனால் அவள் எதை இழப்பாள்? கோடை வீட்டை இழக்க மாட்டாள். தனி விமானத்தில் போவதை இழக்க மாட்டாள். நாவல் முழுக்க அவள் முன்னால் இரண்டு கதவுகள். எதைத் திறந்தாலும் உள்ளே இருப்பது அரண்மனை. அப்புறம் வாசகர் எதற்காகப் பதற வேண்டும்?

செசிலையும் பாருங்கள். ஃபார்ஸ்டரின் செசில் வைஸ் எனக்கு மிகப் பிடித்த பாத்திரங்களில் ஒருவன். படித்தவன், நாசூக்கானவன், கெட்டவன் இல்லை. ஆனால் மனிதர்களை நெருங்கத் தெரியாது. லூசியை ஓர் ஓவியம்போலப் பார்த்து ரசிக்கத்தான் தெரியும். தேசிய ஓவியக்கூடத்தில் தற்செயலாகச் சந்தித்த எமர்சன்களை, ஊரில் இருக்கும் சர் ஹாரி என்ற பெரிய மனிதரைச் சீண்டுவதற்காக அவருடைய வாடகை வீட்டுக்கு அவனேதான் அழைத்துவருகிறான். தனக்குப் போட்டியாகப் போகிறவனைத் தன் கையாலேயே வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறான். என்ன அழகான முடிச்சு! பின்னால் லூசி நிச்சயதார்த்தத்தை முறிக்கும்போது அவனுடைய குறையை அவன் முகத்துக்கு நேராகச் சொல்கிறாள். அவள் சொல்லும் வார்த்தைகள் ஜார்ஜ் சொன்னவை. அது செசிலுக்குத் தெரியாது. அதைக் கேட்டு அவன் மனதார நன்றி சொல்லிவிட்டுப் போகும்போது அவன்மேல் நமக்கு மரியாதையே வந்துவிடுகிறது.

குவானின் செசில் பைக் புதுப் பணக்காரன், ஆடம்பரப் பிரியன், எல்லாவற்றையும் ஊருக்குக் காட்டியே ஆக வேண்டியவன். சிரிப்பு வருகிறது, மறுக்கவில்லை. ஆனால் அவனை லூசி கட்டிக்கொள்ள மாட்டாள் என்பது அவன் நுழையும்போதே தெரிந்துவிடுகிறது. எழுத்தாளரே அவனைக் கேலிப் பொருளாகத்தான் வைத்திருக்கிறார். முக்கோணத்தில் ஒரு மூலை அட்டையால் செய்ததாக இருந்தால் மற்ற இரண்டும் எதில் சாய்ந்து நிற்கும்?

ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். ஜார்ஜைப் பணக்காரனாக்கியபோது தடை ஒன்று வேண்டுமே என்று குவானுக்கும் தெரிந்திருக்கிறது. அதற்காகத்தான் லூசியைக் கலப்பினப் பெண்ணாக்கினார். அவள் தனக்குள் இருக்கும் சீனப் பாதியை மறைத்து, வெள்ளைப் பாதியை மட்டும் முன்னால் நிறுத்தி வளர்ந்தவள். ஜார்ஜைப் பார்த்தால் எரிச்சல் வருவது, அவன் அந்த மறைத்த பாதியை நினைவுபடுத்துவதால். அப்பா வழிப் பாட்டி அன்பு என்ற பெயரிலேயே அவளைச் சீனப் பொம்மையாகப் பார்க்கிறாள். இது சாதாரண விஷயம் இல்லை. சீனத் தொழிலாளர்கள் வருவதைத் தடைசெய்து அமெரிக்கா 1882-ல் சட்டம் போட்டது. அது நீக்கப்பட்டது 1943-ல்தான். வெவ்வேறு இனத்தவர் மணந்துகொள்வதைத் தடுக்கும் சட்டங்கள் 1967-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொல்லும்வரை பல மாநிலங்களில் உயிரோடு இருந்தன. அப்படிப்பட்ட நாட்டில், பழைய நியூயார்க் குடும்பத்துக் கூடத்தில், முகத்தில் அம்மாவின் சாயலோடு உட்கார்ந்திருக்கும் பெண். தான் நேசிப்பவனையே தன் வெட்கத்தால் விரட்டுகிறாள். இதை மட்டும் பிடித்துக்கொண்டு போயிருந்தால் இது ஃபார்ஸ்டருக்குப் பக்கத்தில் வைக்கும் நாவலாகியிருக்கும் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

ஆனால் போகவில்லை. பாட்டியின் வார்த்தை ஒரு பக்கத்தில் சுருக்கென்று குத்துகிறது. அடுத்த பக்கத்தில் ஒரு விருந்து வந்துவிடுகிறது. என்ன உடுத்தினார்கள், யார் தைத்தது, சுவரில் யார் வரைந்த ஓவியம், மேசையில் என்ன பூ. லூசி அந்த வார்த்தையை வீட்டுக்கு எடுத்துப்போய் ராத்திரி என்ன செய்தாள் என்று நாம் தெரிந்துகொள்வதற்குள் நாவல் நகர்ந்துவிடுகிறது. காயத்தைக் காட்டினார், தொடவில்லை. எனக்கு உண்மையான வருத்தம் இதில்தான்.

ஃபார்ஸ்டர் இந்த இடத்தில் எவ்வளவு பொறுமையாக இருக்கிறார் பாருங்கள். நாவலின் பின்பாதியில் வரிசையாகச் சில அத்தியாயங்களுக்கு அவர் வைத்த தலைப்புகள் எல்லாமே பொய்களைப் பற்றியவை. ஜார்ஜிடம் பொய், செசிலிடம் பொய், பிறகு பாதிரியாரிடமும் அம்மாவிடமும் தம்பியிடமும் வேலைக்காரர்களிடமும் பொய், கடைசியாகக் கிழவர் எமர்சனிடம் பொய். ஒரு பெண் தன்னிடமே பொய் சொல்லிக்கொண்டு எப்படிச் சிக்கலில் இறங்கிக்கொண்டே போகிறாள் என்பதை ஒவ்வொரு படியாக வைத்துக் காட்டுகிறார். கடைசியில் அந்தக் கிழவர், எளிய வார்த்தைகளில், நீ ஜார்ஜை நேசிக்கிறாய் என்று சொல்லும்போது அவளோடு நாமும் உடைந்துபோகிறோம். ஒரு முடிவுக்கு இவ்வளவு தூரம் நடத்திக் கூட்டிவர வேண்டும்.

நீங்கள் கேட்கலாம், ‘கிரேசி ரிச் ஏசியன்ஸ்’ நாவலிலும் உடையும் நகையும் விருந்தும்தானே பக்கம் பக்கமாக வந்தது, அது ஏன் சலிக்கவில்லை என்று. நல்ல கேள்வி. அங்கே பணம் வேலை செய்தது.

நினைத்துப் பாருங்கள். 2013-ல் வந்த அந்த நாவல் தொடங்குவதே 1986-ம் ஆண்டு லண்டனில், மழையில் நனைந்து வந்த ஒரு சீனக் குடும்பத்துக்கு ஓட்டலில் அறை மறுக்கப்படுவதோடு. அதே இரவில் அந்த ஓட்டலே அந்தக் குடும்பத்தின் கைக்கு மாறுகிறது. பணம் அங்கே அவமானத்துக்குப் பதில். பிறகு ரேச்சல் சூ வருகிறாள். தனி ஆளாக நின்ற அம்மா வளர்த்த பெண், நியூயார்க்கில் பொருளாதாரப் பேராசிரியை. காதலன் நிக்கின் குடும்பம் எவ்வளவு பெரியது என்று தெரியாமலே சிங்கப்பூரில் இறங்குகிறாள். நிக்கின் அம்மா எலினார், அவளுடைய பிறப்பு வரைக்கும் ஆள் வைத்துத் தோண்டுகிறாள். நிக் அவளைக் கட்டிக்கொண்டால் மரங்கள் சூழ்ந்த டயர்சால் பார்க் மாளிகை அவன் கையைவிட்டுப் போகும். சிங்கப்பூர் மாதிரி ஒரு சின்னத் தீவில் அவ்வளவு நிலம் கைவிட்டுப் போவது என்றால் என்ன என்று நமக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 2017-ல் வந்த, அந்த வரிசையின் மூன்றாவது நாவல் முழுக்க அந்த வீடு யாருக்கு என்பதைச் சுற்றித்தான் சுழல்கிறது.

அதைவிட எனக்குப் பிடித்தது ஆஸ்ட்ரிட்டின் கதை. நிக்கின் ஒன்றுவிட்ட சகோதரி, பிறவிக் கோடீஸ்வரி. கட்டிக்கொண்டவன் மைக்கேல், சாதாரணக் குடும்பத்துப் பையன், சொந்தக் காலில் நிற்க ஆசைப்படுபவன். பாரிஸில் வாங்கிய நகையையும் உடையையும் அவன் கண்ணில் படாமல் அவள் ஒளித்துவைக்கிறாள். அவனோ இந்தக் குடும்பத்தின் பாரம் தாங்காமல், அவள் தன்னை விட்டுப் போகட்டும் என்று, இல்லாத ஒரு கள்ள உறவை இருப்பதுபோல நடிக்கிறான். அங்கே ஒரு காதணிகூட கதையை நகர்த்துகிறது. அது அழகானது என்பதற்காக வரவில்லை, ஒரு கல்யாணத்தை உடைக்கும் பொருளாக வருகிறது.

(ஒரு வார்த்தை இடையில். அந்தச் சிங்கப்பூரில் தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. ஆனால் 2018-ல் அந்த நாவல் படமாக வந்தபோது, அந்த ஊரின் இந்தியர்களும் மலாய்க்காரர்களும் கதையில் எங்கே, வாசல் காவலர்களாக மட்டும்தானா என்று சிங்கப்பூரிலேயே பலர் கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானது. நாவலை நான் விரும்பினாலும் அதை மறந்துவிட்டு விரும்ப முடியவில்லை.)

பெரும் பணத்தையும் காதலையும் சேர்த்து எழுதியவர்களில் நிலைத்து நின்றவர்கள் எல்லோருமே கணக்கை ஒளிக்காதவர்கள். ஜேன் ஆஸ்டினின் ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ 1813-ல் வந்தது. நாயகன் டார்சியின் வருமானம் வருடத்துக்குப் 10,000 பவுண்டு என்று அவன் நடன அரங்குக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்திலேயே ஊருக்குத் தெரிந்துவிடுகிறது. நாயகி எலிசபெத்துக்கு வரக்கூடிய சொத்து 1,000 பவுண்டு அசல், அதுவும் 4 சதவீத வட்டியில், அம்மாவின் காலத்துக்குப் பிறகுதான். இதை அவளிடமே எடுத்துச் சொல்லிவிட்டுத்தான் உறவினன் காலின்ஸ் தன்னைக் கட்டிக்கொள்ளச் சொல்கிறான். கணக்குப் போட்டால் வருடத்துக்கு 40 பவுண்டு. அவளுடைய 40-க்கும் டார்சியின் 10,000-க்கும் நடுவில் நின்றுகொண்டுதான் அவள் அவனை முதல் முறை வேண்டாம் என்கிறாள். அந்த மறுப்புக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்பது அந்த எண்கள் இருப்பதால்தான் நமக்கு உறைக்கிறது.

ஈடித் வார்ட்டன் இன்னும் கடுமையானவர். அவர் எழுதியது குவான் எழுத ஆசைப்பட்ட அதே பழைய நியூயார்க்கைப் பற்றி. அந்த உலகத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர். ‘தி ஹவுஸ் ஆஃப் மிர்த்’ 1905-ல் வந்தது. லில்லி பார்ட்டுக்கு வயது 29, அழகி, கையில் காசில்லை, பணக்காரர்களுக்கு நடுவில் வாழப் பழகிவிட்டாள். பணக்கார மாப்பிள்ளை கிடைக்கும் தறுவாயில் ஒவ்வொரு தடவையும் அவள் மனசே அதைக் கெடுக்கிறது. நேசிப்பவனுக்கோ வசதி போதாது. தோழியின் கணவனிடம் பட்ட கடனை, அத்தையிடமிருந்து வந்த சின்னச் சொத்திலிருந்து அடைக்கக் காசோலை எழுதி வைத்துவிட்டு, தூக்க மருந்தை அளவு கூடக் குடித்து, அவள் மறுநாள் எழுந்திருக்கவில்லை. அந்தக் காசோலை எழுதும் பக்கத்தை என்னால் இன்றும் சாதாரணமாகக் கடக்க முடியாது. நாவல் முழுக்கப் பணத்துக்காக வளைந்து வளைந்து போனவள், கடைசி ராத்திரியில் பணத்தைக் கொண்டே நிமிர்கிறாள்.

வார்ட்டன் வரைந்த நியூயார்க்குக்கு ஒரு பட்டியல் பழக்கம் இருந்தது. சமூகத்தில் கணக்கில் வருபவர்கள் 400 பேர்தான் என்று ஒரு பேச்சு. அன்றைய நியூயார்க் மேல்தட்டின் ராணிபோல இருந்த ஆஸ்டர் சீமாட்டியின் நடனக்கூடத்தில் அவ்வளவு பேர்தான் நிற்க முடியும் என்பார்கள். 1892-ல் அந்தப் பட்டியல் பத்திரிகையிலேயே அச்சாகிவிட்டது. குவான் இதன் இன்றைய வடிவத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். ‘செக்ஸ் அண்ட் வேனிட்டி’யில் ஒவ்வொரு பாத்திரமும் அறிமுகமாகும்போது, அவர் எந்தெந்தப் பள்ளியில் படித்தார், எந்தப் பல்கலைக்கழகம் என்று அடைப்புக்குறிக்குள் வருகிறது. யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று கேட்டு ஆளை எடைபோடும் வேலையை அங்கே பள்ளிப் பெயர் செய்கிறது. நல்ல கவனிப்பு. முதல் ஐம்பது பக்கங்களில் நான் அதை ரசித்தேன். அதுவும் பிறகு கதைக்குள் இறங்கவில்லை. பெயர்ப்பலகையாகவே நின்றுவிட்டது.

வேறு என்ன நன்றாக இருக்கிறது என்றால், காப்ரிப் பகுதி. எலுமிச்சை வாசனையும் செங்குத்துப் பாறைகளும் அவருக்கு எழுத வருகின்றன. மாலபார்ட்டே என்ற எழுத்தாளர் கடலுக்கு மேலே பாறை முனையில் கட்டிக்கொண்ட சிவப்பு வீடு கதையில் வரும்போது, ஊரைச் சுற்றிப் பார்த்த ஒருவர் ஆசையோடு சொல்வதுபோல இருக்கும். சார்லட்டும் உயிரோடு இருக்கிறாள். இருந்தாலும் காப்ரி முடிந்து நியூயார்க் வந்ததும் காற்று இறங்கிய பந்தாகிவிடுகிறது. நீங்கள் மூடிவைத்தது அநேகமாக அந்த இடமாகத்தான் இருக்கும். நானும் முதல் முறை அங்கே ஒரு வாரம் நிறுத்திவிட்டேன்.

அடுத்து என்ன வாசிக்கலாம் என்றும் கேட்டிருந்தீர்கள். நேராக ஃபார்ஸ்டரிடம் போங்கள். சின்ன நாவல்தான். ஆங்கிலம் கொஞ்சம் பழையது, ஆனால் நாலு அத்தியாயத்தில் பழகிவிடும். தயக்கமாக இருந்தால் ஜேம்ஸ் ஐவரி இயக்கி 1985-ல் வந்த படத்தை முதலில் பாருங்கள். மூன்று ஆஸ்கார் வாங்கிய படம். சார்லட்டாக மேகி ஸ்மித். திரைக்கதை எழுதிய ரூத் பிராவர் ஜாப்வாலா டெல்லியில் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தவர். அதற்குப் பிறகு வார்ட்டன். முதலில் ‘தி ஏஜ் ஆஃப் இன்னொசென்ஸ்’ எடுத்தால் நல்லது. அது அவருக்கு 1921-ல் புலிட்சர் பரிசு வாங்கித் தந்தது. ‘தி ஹவுஸ் ஆஃப் மிர்த்’ மனசைக் கனக்கவைத்துவிடும். ஹென்றி ஜேம்ஸின் ‘வாஷிங்டன் ஸ்கொயர்’ அதற்கும் பிறகு.

ஃபார்ஸ்டரை வாசிக்கும்போது சதுக்கத்தில் நடக்கும் காட்சியில் கொஞ்சம் நின்று வாசியுங்கள். லூசி கடையில் ஓவியப் படங்கள் வாங்கிக்கொண்டு தனியாக வருகிறாள். அவள் கண் முன்னால் ஒருவன் இன்னொருவனைக் கத்தியால் குத்திவிடுகிறான். மயங்கி விழப்போனவளை ஜார்ஜ் தாங்கிக்கொள்கிறான். ரத்தம் தெறித்த அந்தப் படங்களை அவளிடம் கொடுக்க மனமில்லாமல் ஆற்றில் எறிந்துவிடுகிறான். ஏன் எறிந்தாய் என்று அவள் கேட்க, அவன் மறைக்காமல் சொல்லிவிடுகிறான். இருவருக்கும் நடுவில் என்னவோ தொடங்கியது அங்கேதான். அழகான எந்த வார்த்தையும் பேசப்படவில்லை.

அப்புறம் கடைசி அத்தியாயம். லூசி ஜார்ஜோடு வந்துவிட்டாள். மறுபடியும் ஃபிளாரன்ஸ், மறுபடியும் அதே பெர்டோலினி விடுதி, அதே ஜன்னல். வீட்டில் யாரும் இன்னும் மன்னிக்கவில்லை, ஒருவேளை மன்னிக்கவே மாட்டார்களோ என்ற பயம் அவளுக்கு. அவள் ஜார்ஜின் கிழிந்த காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். சார்லட் கடைசி நேரத்தில் நம்மைத் தடுத்திருக்கலாமே, ஏன் தடுக்கவில்லை என்று இருவரும் பேசிக்கொள்கிறார்கள். அந்தக் கறாரான கிழவி அடிமனசில் ஆரம்பத்திலிருந்தே இதைத்தான் விரும்பினாளோ என்கிறான் ஜார்ஜ். இருக்காது என்று சொல்ல வாயெடுத்த லூசி, தன் மனசையே நினைத்துப் பார்த்து, இருக்கலாம் என்கிறாள். வெளியே ஆறு ஓடுகிற சத்தம் கேட்கிறது.